ஹெட்மாஸ்டர் முடித்துவைத்த பிரபுப் பட்டம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. எங்கள் கேட்டுக்கு மேலாக உள்ளே நீண்டு, தாழ்ப்பாளைத் தானே விலக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேட் என் தோள் உயரத்துக்கு மேல். அதற்கு மேலிருந்து கையை விட்டுத் தாழ்ப்பாளை எட்டக்கூடியவர் சேலையூரில் எங்கள் தெருவில் ஒருவர்தான். எதிர் வீட்டு நார்மன் கெல்வே. மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைக் கடந்தவர். மனைவி இல்லை, வங்கியில் வேலை பார்க்கும் மகள் ஷெரிலுடன் இருக்கிறார்.

"மேடம், லண்டன்லேந்து மெயில் வந்திருக்கு. எங்கம்மாவைக் கேவலமா எழுதிட்டாங்க" என்றார்.

நைட் பேன்ட்டுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சட்டை போட்டிருந்தார். கோபத்தில் கைக்கு எது கிடைத்ததோ அது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து படித்தேன்.

"கிடைத்துள்ள ஆவணங்களின்படி, தாங்கள் தங்கள் பெற்றோரின் திருமணத்துக்கு முன் பிறந்தவர்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது வருடம் செய்தித்தாளில் பிரதி திருத்திய பழக்கத்தில் இன்னொரு முறை படித்தேன். வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை.

"உக்காருங்க, காபி போடறேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கப்பல் டிக்கெட் கிடைத்தவர்

போன வாரம் பல் டாக்டர் கதையைப் பாதியில் நிறுத்தியதற்காகச் சில வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதனால் இதை ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

நார்மன் சாரின் முன்னோர் ஒருவர் இங்கிலாந்தில் ஆஷ்மியர் பிரபுவுக்கு இரண்டாவது மகன். மூத்தவனுக்குப் பட்டமும் மாளிகையும். இரண்டாமவனுக்குக் கப்பல் டிக்கெட். அவர் மதராசுக்கு வந்து ரயில் பாதை போட்டார், கல்யாணம் செய்துகொண்டார், இங்கேயே மண்ணுக்குள் போனார். பின்வந்த ஆண்கள் எல்லோரும் ரயில்வேயிலேயே இருந்தார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆங்கிலம் கொஞ்சம் குறைந்து தமிழ் கொஞ்சம் கூடியது. நார்மன் சாரின் அப்பா எட்வர்டு, செம்பாக்கத்துப் பெண் ஞானப்பூவைக் கட்டிக்கொண்டார்.

மூத்தவன் கிளையில் பட்டம் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஆஷ்மியர் பிரபு கல்யாணமே செய்துகொள்ளாமல் சமீபத்தில் இறந்துபோனார். அவருடைய வக்கீல் ஒரு பெண்மணி. வம்ச வரைபடத்தில் பின்னால் நடந்துபோய், இரண்டாவது மகனின் கிளையைப் பிடித்து, அதில் உயிரோடு இருக்கும் ஒரே ஆணைத் தேடிக்கொண்டு சேலையூருக்கு வந்து சேர்ந்தார். மெயிலில்தான்.

விதி இதுதான். பட்டம் ஆணுக்கு மட்டும். ஆண் வழியில் மட்டும். முறையான திருமணத்தில் பிறந்தவனுக்கு மட்டும். அப்படி ஒருவன் இல்லையென்றால் பட்டம் அற்றுப்போகும். அரசர் மனது வைத்தால் வேறொருவருக்குப் புதிதாக ஒன்று கொடுக்கலாம். பழையது அவ்வளவுதான்.

அதோடு என்ன வரும் என்று கேட்டுப் பார்த்தேன். நிலம் வராது. பணம் வராது. மாளிகை எப்போதோ பள்ளிக்கூடமாகிவிட்டது. பிரபுக்கள் சபையில் நாற்காலியும் கிடையாது. பெயருக்கு முன்னால் ஒரு சொல் வரும். அவ்வளவே.

"அப்போ உனக்கப்புறம் எனக்கா டாடி?" என்று முதல் மெயில் வந்த அன்றே ஷெரில் கேட்டாள்.

"உனக்கு வராதும்மா. நீ பொண்ணு."

"கேஸ் புக் பண்றது நான். வரி கட்டறது நான். உன் பிரஷர் மாத்திரையை ஞாபகம் வச்சுக்கறது நான். லார்டு மட்டும் நீ!"

"ரூல் நான் போட்டதில்லையே."

"போட்டிருந்தாலும் இதையேதான் போட்டிருப்ப."

செய்தி கேம்ப் ரோடு ஆட்டோ ஸ்டாண்டுக்கு எப்படியோ போய்விட்டது. நார்மன் சார் காய்கறி வாங்கப் போனால், ஆட்டோ ஓட்டுகிற பாபு விடமாட்டான்.

"இன்னா தொர, கிரீடம் வந்துச்சா?"

"வரும்டா, வரும்."

"வந்தா இந்த டிராபிக்ல குதிர வண்டி எப்டி தொர வுடுவ? நம்ம ஆட்டோலயே ஏறிக்கோ. மீட்டருக்கு மேல போட்டுக் குடு, போதும்."

நார்மன் சார் சிரித்துக்கொண்டு வருவார். அவருக்கு அது பிடித்திருந்தது என்பதை நான் கவனித்திருக்கிறேன். பிரபுக்கள் கையெழுத்துப் போடும்போது சொந்தப் பெயரை எழுதுவதில்லையாம். பட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவார்களாம். ஒரு நாள் அவர் வீட்டு மேஜையில் கிடந்த பழைய மின்கட்டண ரசீதின் பின்புறம் முழுக்க 'ஆஷ்மியர்', 'ஆஷ்மியர்' என்று எழுதிப் பழகியிருந்தார். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு அதன் மேல் டீ கிளாசை வைத்தார்.

வக்கீல் கேட்டது இரண்டே சான்றுகள். பெற்றோரின் திருமணச் சான்று, அவருடைய பிறப்புச் சான்று. முதலாவது சுலபம். கல்யாணம் அப்பா வழிக் கத்தோலிக்கக் கோயிலில், ஒரு தை மாதத்தில் நடந்தது. பதிவு தெளிவாக இருந்தது. இரண்டாவதில்தான் எங்கள் எல்லோருடைய பொறுமையும் போயிற்று.

காதைத் தொட்ட கை

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. லண்டனுக்கு விளக்கத்தான் எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று யாரிடமும் இருக்காது. அதனால் ஹெட்மாஸ்டர் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்துவார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் வயது சரி. பிறகு ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளுக்கு ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். அதுவே பிறந்தநாள்.

அரசு அலுவலகங்களில் மே மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறவர்களால் வரிசையாக நாற்காலிகள் காலியாகும். எங்கள் செய்தி ஆசிரியர் வருடா வருடம் அதை ஒரு செய்தியாகப் போடச் சொல்வார். இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் பிறந்தது எப்படி என்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவரும் ஜூன் மாதக்காரர். எனக்கே ஒவ்வொரு ஜூனிலும் வங்கி வாழ்த்து அனுப்புகிறது. நான் பிறந்தது மார்கழியில்.

நார்மன் சார் பிறந்தது கல்யாணம் நடந்த அதே வருடம் ஐப்பசியில், செம்பாக்கத்தில் அம்மா வீட்டில், மருத்துவச்சி கையில். ஞானப்பூ அம்மா மருத்துவமனையில் ஆயாவாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. எனவே நாலரை வயதிலேயே பள்ளிக்கு அழைத்துப் போனார். ஹெட்மாஸ்டர் காதைத் தொடச் சொன்னார்.

கெல்வே வீட்டு ஆண்களுக்குக் கை நீளம். அப்பாவுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பையன் காதைத் தொட்டதோடு நிற்காமல் கழுத்தைப் பிடித்துக் காட்டினானாம்.

"அஞ்சு என்னம்மா, இவனுக்கு ஆறே முடிஞ்சு போச்சு" என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆறு வயதைச் சரிக்கட்ட, கல்யாணத்துக்கு முந்தைய வருட ஜூனில் ஒரு தேதியை எழுதினார். ஞானப்பூ அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டினார். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

அதாவது நிஜத்தில் கல்யாணம் தையில், பிள்ளை அடுத்து வந்த ஐப்பசியில். காகிதத்தில் பிள்ளை ஜூனில், கல்யாணம் அடுத்து வந்த தையில்.

இதில் இன்னொரு கொடுமை. இங்கிலாந்தில் பெற்றோர் பிற்பாடு கல்யாணம் செய்துகொண்டால், முன்பே பிறந்த பிள்ளையும் சட்டப்படி முறையான பிள்ளையாகிவிடும். சொத்துக்கு ஆகலாம், மற்ற எதற்கும் ஆகலாம். பிரபுப் பட்டத்துக்கு மட்டும் ஆகாது.

பார்த்து எழுதியது

ஞானஸ்நானப் பதிவு இருக்குமே என்று நானும் நினைத்தேன். இருந்தது. கல்யாணம் அப்பா வீட்டுக் கோயிலில் நடந்ததால் ஞானஸ்நானம் எங்கள் சபையில்தான் என்று புராட்டஸ்டண்டான அம்மா வீட்டார் பிடிவாதமாக நின்றார்கள். முடியாது என்று கெல்வே வீட்டார் நின்றார்கள். இந்தச் சண்டை ஓய்வதற்குள் பிள்ளை இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். கடைசியில் தண்ணீர் ஊற்றிய பாதிரியார் பிறந்த தேதி கேட்டார். வீட்டில் தேதி போட்ட காகிதம் ஒன்றுதான் இருந்தது. பள்ளிச் சான்றிதழ்.

அதிலிருந்து பார்த்து எழுதினார். அதிலிருந்து பார்த்து ரயில்வே எழுதியது. ரயில்வேயைப் பார்த்து பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆதார்.

செய்தித்தாளில் இது தினமும் நடக்கும். ஒரு மந்திரியின் வயதை யாரோ ஒருவர் ஒரு நாள் தப்பாகப் போட்டுவிடுவார். பழைய இதழைப் பார்த்து அடுத்தவர் எழுதுவார், அதைப் பார்த்து அதற்கடுத்தவர். அந்த மந்திரி தப்பான வயதிலேயே சாவார். திருத்தினால் மற்ற எல்லாப் பத்திரிகையும் ஒரு மாதிரி இருக்க, நாம் மட்டும் வேறு மாதிரி இருக்கிறோமே என்று செய்தி ஆசிரியர் நம்மைத்தான் திட்டுவார்.

தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இரண்டு பிறந்தநாள் என்று லண்டனுக்கு விளக்கி எழுதித் தரச் சொன்னார் நார்மன் சார். "உங்களுக்கு என்னைவிட நல்லா இங்கிலீஷ் வருமே" என்றேன்.

"என்னோடது பேசறதுக்கு மேடம். உங்களோடது அச்சுக்கு."

எழுதினேன். ஜூன், காது, கை, எல்லாம். 'சுவாரசியமாக இருந்தது' என்று வக்கீல் பதில் எழுதினார். பிறந்ததை நேரில் அறிந்த சாட்சி யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

ரோஸ் சித்தி சொன்ன சாட்சி

இருந்தார். ஞானப்பூ அம்மாவின் தங்கை ரோஸ். முடிச்சூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறவர், காது நன்றாகக் கேட்கிறது, குரல் இன்னும் நன்றாக.

ஷெரில் காரை ஓட்ட, மூவரும் போனோம். வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் எல்லா வீட்டையும் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். வாசற்படி ஏறவே மூச்சு வாங்கியது. வக்கீல் வீடியோவில் வந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

"இன்னாடா நார்மனு, இந்த வெள்ளக்காரிக்கு இன்னா வோணுமாம்?" என்றார் ரோஸ் சித்தி.

"நான் எப்போ பொறந்தேன்னு சொல்லு சித்தி."

"தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். நான் பதினாலு வயசுப் பொண்ணு. அக்கா பின்னாலயே முந்தானையத் தூக்கினு போனவ நான்தான். ஐப்பசி மழையில ஏரி ரொம்பி வழியுது, நீ பொறக்குற. மருத்துவச்சிய முழங்கால் தண்ணியில இட்டாந்ததும் நான்தான். இன்னும் இன்னா வோணும்? கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்தானான்னு கேக்குறாளா? எங்க அக்காவையா?"

"இல்ல சித்தி, கோச்சுக்காத. ரூலுக்குக் கேக்கறாங்க."

"அவ அம்மாவ இட்டாரச் சொல்லு, நான் ஒண்ணு கேக்குறேன்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மற்றதைச் சொன்னேன். வக்கீலம்மா எழுதிக்கொண்டார். முதல் முறையாக அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. சாட்சியின் வயதுக்கு ஏதாவது அடையாள அட்டையைக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

ஷெரில் ஆதார் அட்டையைக் கேமரா முன் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். பிறந்த தேதி ஜூலை ஒன்று. வருடத்தைக் கணக்குப் போட்டால், அக்கா கல்யாணத்தின்போது ரோஸ் சித்திக்கு நாலு வயது.

"சித்தி, இது யார் போட்ட தேதி?" என்றேன்.

"கார்டு எடுக்க வந்த பொண்ணு, 'பாட்டி, வயசு இன்னா'ன்னு கேட்டுச்சு. நீயே பாத்துப் போட்டுக்கோ கண்ணுன்னேன். அது பாத்துது, போட்டுச்சு." கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொண்டார்: "அப்ப நான் அவ்ளோதாம்மா தெரிவேன்."

நாலு வயதுக் குழந்தை முழங்கால் தண்ணீரில் மருத்துவச்சியை அழைத்து வந்தது எப்படி என்று வக்கீல் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். ஷெரில் காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தத்தில் தெரு நாய் எழுந்து போனது.

முதல் பத்தியோடு நிறுத்தியவர்

அதற்குப் பிறகு வந்த மெயில்தான் அன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் வாசலுக்கு வந்தது.

காபியைக் கொடுத்துவிட்டு மீதியைப் படித்தேன். நார்மன் சார் முதல் பத்தியோடு நிறுத்தியிருந்தார். வாசகர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

இரண்டு வழிகள் இருப்பதாக வக்கீல் எழுதியிருந்தார். ஒன்று, பிறந்த தேதி தவறு என்று இந்திய நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி அனுப்பலாம். நியாயமான காலத்துக்குள் அது வரவில்லையென்றால், இருக்கிற ஆவணங்களை வைத்து முடிவு எழுதப்படும். 'திருமணத்துக்கு முன் பிறந்தவர்' என்ற வரி பதிவில் ஏறும். இரண்டு, கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அப்போது அவரைப் பற்றி எந்த முடிவும் எழுதப்படாது. பட்டம் அற்றுப்போனதாக அறிவிக்கப்படும். நிரூபிக்கப்பட்ட செய்திகள் மட்டும் பிரபு வம்சங்களின் தொகுப்பில் இடம்பெறும்.

முதல் வழியைப் பற்றித் தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் ஏற்கெனவே கேட்டிருந்தோம். "ரயில்வேயையும் சேத்துக்கணும் சார். அப்பீல் போவாங்க. ரெண்டு வருஷத்துல முடிச்சுடறேன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு வச்சுக்கோங்க" என்றார் அவர். நேர்மையான மனிதர். ஃபீஸ்கூட வாங்கவில்லை.

ஷெரில் அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்தில் வந்து நின்றாள்.

"விட்டுடு டாடி. எப்படியும் உன்னோட முடியப்போறதுதானே. எனக்கென்ன வரப்போகுது?"

தாம்பரம் பக்கம் ஒரு ரயில் போகிற சத்தம் கேட்டது. நார்மன் சார் வழக்கமாக அது எந்த வண்டி, எவ்வளவு லேட் என்று சொல்வார். அன்று சொல்லவில்லை.

"நாலு மாசமா நான் பாபுகிட்ட வரும், வரும்னு சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

"பாபு மறந்துடுவான்."

"பாபுவா? சாகற வரைக்கும் விடமாட்டான்." காபியைக் குடித்து முடித்தார். "சரி மேடம், எழுதுங்க. வாபஸ். மோட்டார்மேனா இருந்தே போறேன். எங்கம்மா கல்யாணம் ஆனவ. அதுக்கு மேல ஒருத்தனும் ஒரு வரி எழுதக் கூடாது."

இரண்டே வாக்கியங்களில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு இன்னொன்று சேர்க்கச் சொன்னார்: 'என் தாய் தந்தையரின் திருமணம் தை மாதம் கோயிலில் நடந்தது, நான் அதற்குப் பிறகு பிறந்தேன்.'

"அது அவங்களுக்கே தெரியும் சார். தேவையில்லாத வரி" என்றேன்.

"இருக்கட்டும்."

வேலையில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட வரிகளை யோசிக்காமல் வெட்டியிருக்கிறேன். அன்று வெட்டவில்லை. 'தை' என்பதை மட்டும் ஜனவரி ஆக்கினேன். அவர் கீழே தன் சொந்தப் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்து அனுப்பினார். ஷெரில் அவருடைய மாத்திரையை எடுத்து வரப் போனாள்.

தொகுப்பின் புதிய பதிப்பு இந்த வருடம் வெளிவந்தது. வக்கீல் மரியாதைக்கு அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருந்தார். நார்மன் சாருக்குக் கண் புரை அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால் நான்தான் படித்துக் காட்டினேன்.

ஆஷ்மியர் பட்டத்தின் கீழே, மதராஸ் கிளையில், கடைசிப் பெயர் எட்வர்டு கெல்வே, ரயில்வே ஊழியர். மனைவி ஞானப்பூ, செம்பாக்கம். திருமணம் ஜனவரியில், கோயிலில். பிள்ளைகள் இல்லை.